ஒரு குவாரியில் வெடி வைத்தால் ஜன்னல் ஆடுகிறது, பக்கத்துக் குவாரியில் சத்தமே இல்லை. ஏன்?

கேட்டவர் கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் பக்கத்துக்காரர். அவர் ஊரிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி ஜல்லிக் குவாரி இருக்கிறது. மதியம் வெடி வைத்தால் ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடுகிறதாம், சுவரில் விரிசலும் விட்டிருக்கிறதாம். அதே சாலையில் இன்னொரு கிரானைட் குவாரி. அங்கே லாரி கொள்ளாத அளவுக் கல்லை அலுங்காமல் வெட்டி எடுக்கிறார்கள், ஊருக்குச் சத்தமே வருவதில்லை. “ரெண்டும் ஒரே பாறைதானே? கட்டுப்பாடான வெடி என்பது நிஜமா, இல்லை அனுமதி வாங்குவதற்காகப் பேப்பரில் எழுதுவதா?” என்று கேட்கிறார்.

நிஜம்தான். இருபது வருஷத்துக்கு மேல் கிருஷ்ணகிரி, தர்மபுரிக் குவாரிகளில் முதலில் ‘மேட்’ என்ற வேலைக் கண்காணிப்பாளராகவும் பிறகு ஃபோர்மேனாகவும் இருந்திருக்கிறேன், வெடி வைப்பவருக்கான பிளாஸ்டர் சான்றிதழும் உண்டு. அந்த அனுபவத்தில் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் ஜன்னல் ஆடினால் உங்களுக்கு மட்டும் நஷ்டமில்லை, குவாரிக்காரருக்கும் நஷ்டம். பாறையை உடைக்கக் காசு கொடுத்து வாங்கிய வெடிமருந்தின் ஒரு பங்கு, பாறையை உடைக்காமல் உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

முதலில் கிரானைட் குவாரியைப் பார்த்துவிடுவோம். அங்கே கல்லை உடைப்பது நோக்கமே இல்லை, உடையாமல் பிரிப்பதுதான் நோக்கம். நம் மாவட்டத்தில் அலை அலையாக ஊதாவும் சாம்பலும் கலந்து ஓடும் கல்லைப் ‘பாரடைஸ்’ என்று வியாபாரத்தில் விற்கிறார்கள். நிலவியல் படித்தவர்கள் அதை கிரானைட் என்று சொல்லமாட்டார்கள், பூமிக்கடியில் வெப்பமும் அழுத்தமும் பட்டு உருமாறிய நைஸ் வகைப் பாறை என்பார்கள். கருப்பு கிரானைட்டும் அப்படித்தான். அது டோலரைட். பழைய பாறையின் பிளவுக்குள் பாறைக்குழம்பு ஏறி உறைந்து, சுவர் மாதிரி நீளமாக ஓடும். இந்த இரண்டிலும் மயிரிழை விரிசல் ஒன்று விழுந்தால் போதும், பாலிஷ் போடும்போது அது தெரிந்துவிடும். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரம் உள்ள பிளாக் என்றால் 9 கன மீட்டர், எடை 24 டன்னுக்கு மேல். டோலரைட் என்றால் 27 டன்னைத் தொடும். அதில் குறுக்கே ஒரு கோடு விழுந்தால் விலை பாதிக்குக் கீழே போகும், சில சமயம் அப்படியே கழிவுக் குவியலுக்குப் போய்விடும். வழியில் மலை மலையாகக் கொட்டிக் கிடக்கிறதே, அதில் பெரும்பங்கு அப்படி ஒதுக்கப்பட்ட கல்தான்.

அதனால் அங்கே வேலை வேறு மாதிரி. பாறையிலேயே இயற்கையாகப் படுக்கைவாக்கில் பிரிவு இருக்கும். அந்தக் காலத்தில் நம் தென்னிந்தியக் கல்வேலைக்காரர்கள் வழவழப்பான பாறைமேல் விறகை அடுக்கி மெதுவாக எரிப்பார்கள். மேல்தோல் சூடாகி உப்பி, அடியிலிருந்து பிரிந்துகொள்ளும். தட்டிப் பார்த்தால் சத்தம் மாறும். அப்புறம் உளியும் ஆப்பும் வைத்துப் பலகை பலகையாகப் பிளப்பார்கள். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் வேலிக்குக் கல்லுக்கால் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பழைய கால்களின் விளிம்பில் வரிசையாகப் பல் பல்லாக உளிக்குழி தெரியும். இன்றைக்குச் செய்வதும் அடிப்படையில் அதுவேதான். உளிக்குப் பதில் ஜாக்ஹாமர் என்ற துளைக் கருவி. 32 அல்லது 34 மில்லிமீட்டர் குழிகளை நூல் பிடித்த மாதிரி வரிசையாக, நெருக்கமாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு இறகு, அதாவது இரும்புத் தகடு, வைத்து நடுவில் ஆப்பை இறக்கி, வரிசையாகச் சம்மட்டியால் தட்டிக்கொண்டே போவார்கள். ஒரே குழியில் ஓங்கி அடிப்பவன் கல்லைக் கெடுப்பான். எல்லாக் குழியிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி, பாறை தானாக ‘டப்’ என்று பிரிவதற்குப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.

இப்போது வைர ஒயர் வந்துவிட்டது. இரும்பு வடத்தில் வைரத்தூள் பதித்த மணிகளைக் கோத்திருப்பார்கள். மேலிருந்து ஒரு குழி, பக்கவாட்டிலிருந்து ஒரு குழி, இரண்டும் பாறைக்குள் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். அதற்குள் ஒயரைக் கோத்து வளையமாக்கி, தண்ணீர் விட்டுக்கொண்டே ஓட்டினால் வெண்ணெயை நூலால் அறுத்த மாதிரி பாறை அறுபடும். இரண்டு குழியும் சந்திக்கவில்லை என்றால் அன்றைக்கு வேலை நின்றது. அந்தச் சந்திப்பை இரண்டு விரற்கடை பிசகாமல் கொண்டுவரும் ஆட்கள் இருக்கிறார்கள். அளவுநாடாவும் தூக்குக்குண்டும்தான் அவர்கள் கருவி.

கிரானைட் குவாரியில் வெடியே கிடையாதா என்றால், உண்டு. மேலே கிடக்கும் கழிவுப் பாறையை நீக்க வழக்கமான வெடிதான். பிளாக்கைத் தள்ளிப் பிரிக்க, வேகம் குறைந்த மருந்தைக் கொஞ்சமாக வைப்பார்கள். கரிமருந்து எரியும் வேகம் வினாடிக்குச் சில நூறு மீட்டர். ஜல்லிக் குவாரியில் வைக்கும் எமல்ஷன் தோட்டா (குச்சி மாதிரிப் பொட்டலமாக வரும் வெடிமருந்து) வினாடிக்கு 4,000, 5,000 மீட்டர் வேகத்தில் வெடிக்கும். முன்னது தோளைக் கொடுத்துத் தள்ளும், பின்னது சம்மட்டியால் அடிக்கும். தள்ளினால் கல் பிரியும், அடித்தால் நொறுங்கும். வெடியே வேண்டாம் என்றால் சுண்ணாம்பு மாதிரி ஒரு தூளைத் தண்ணீரில் குழைத்துக் குழியில் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். அது இரவெல்லாம் உப்பிக் காலையில் பாறையைப் பிளந்து வைத்திருக்கும். சத்தமில்லாத குவாரியின் ரகசியம் இவ்வளவுதான்.

சரி, ஜல்லிக் குவாரிக்கு வருவோம். உங்கள் கேள்வியின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

குழிக்குள் மருந்து வெடித்ததும் பாறை உடனே உடைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பாறையை நசுக்குவது கஷ்டம், இழுத்துப் பிய்ப்பது லேசு. நசுக்கத் தேவையான பலத்தில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ இருந்தால் இழுத்து உடைத்துவிடலாம். வெடியின் அதிர்வலை குழியிலிருந்து கிளம்பிப் பாறையை நசுக்கிக்கொண்டே போகும். எதிரே காற்றுவெளி, அதாவது பாறையின் முகம் வந்ததும், போக வழியில்லாமல் திரும்பும். திரும்பும்போது அது இழுவிசையாக மாறிவிடும். அப்போதுதான் பாறை பிளக்கிறது. பின்னாலேயே வரும் வாயு அந்தப் பிளவுகளுக்குள் புகுந்து கல்லை முன்னால் தள்ளிச் சரிக்கிறது. ஆக, பாறைக்கு ஒரு முகம் வேண்டும், நகர்வதற்கு இடம் வேண்டும். அந்த இடத்தைக் கொடுத்தால் சாதுவாகச் சரியும். கொடுக்காவிட்டால் அத்தனை பலமும் பூமிக்குள்ளும் ஆகாயத்துக்கும் போகும்.

முகத்துக்கும் முதல் வரிசைக் குழிக்கும் நடுவில் நிற்கும் பாறையைப் பர்டன் என்போம். பாடப்புத்தகக் கணக்குப்படி இது குழியின் விட்டத்தைப் போல 25 முதல் 40 மடங்கு வரை. 32 மில்லிமீட்டர் குழிக்கு ஒரு மீட்டரை ஒட்டி வரும். பர்டன் அதிகமானால் பாறை நகராது. தரை அதிரும், அடியில் திட்டு நின்றுவிடும், வாயு மேலே பீறிடும். குறைந்தால் கல் முன்பக்கம் பறக்கும். பேப்பரில் ஒரு மீட்டர் என்று எழுதுவது யாராலும் முடியும். குழி போடுபவன் துளைக் கம்பியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் மேலே ஒரு மீட்டராக இருப்பது கீழே முக்கால் ஆகலாம், ஒன்றேகாலும் ஆகலாம். முகமும் நேர்ச்சுவர் இல்லை. முந்தின வெடியில் எங்கோ குடைந்திருக்கும், எங்கோ தொந்தி தள்ளியிருக்கும். நல்ல மேட் காலையில் குழிகளை எண்ணுவதற்கு முன்னால் முகத்தைப் பார்ப்பார். அதனால்தான் நான் புதுப் பையன்களிடம் மருந்தைப் பற்றிப் பேச ஆரம்பிப்பதற்கே ஒரு மாதம் ஆகும். வெடியின் குணம் மருந்துப் பெட்டியில் இல்லை, குழியில் இருக்கிறது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு குவாரியில், பெயர் வேண்டாம், வழக்கம்போல இரண்டு வரிசைக் குழி. எல்லாவற்றிலும் ஒரே அளவு தோட்டா, ஒரே அளவு அடைப்பு. எல்லாம் கணக்குப்படி. வெடித்ததும் ஒரு கல், பெரிய பூசணிக்காய் அளவு, எங்கள் தலைக்கு மேலே போய் எதிர் மாந்தோப்பில் விழுந்தது. செந்தூரா மரத்தில் ஒரு கிளை போனது. தோப்பில் அப்போது ஆள் இல்லை. மாங்காய் சீசனாக இருந்திருந்தால் பறிக்கும் பெண்கள் பத்துப் பேராவது கீழே நின்றிருப்பார்கள். அன்று சாயந்திரம் டீ குடிக்கும்போது ஜாக்ஹாமர் பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: “சார், அந்த நாலாவது குழியில பாதிக்கு மேல கம்பி சொய்ங்குன்னு தானா இறங்கிச்சு சார்.” பாறைக்குள் மண் பாய்ந்த ஒரு பொத்து இருந்திருக்கிறது. மருந்தின் வாயு அந்த இளகிய வழியைப் பிடித்துக்கொண்டு துப்பாக்கிக் குழலில் குண்டு போன மாதிரி கல்லைத் தள்ளிவிட்டது. அவன் கைக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு குழிக்கும் கம்பி எங்கே இளகியது, எங்கே தண்ணீர் வந்தது, தூள் என்ன நிறம் என்று எழுதி வாங்காமல் நான் மருந்து ஏற்றவிட்டதில்லை. பொத்து வந்த இடத்தில் மருந்துக்குப் பதில் அடைப்புதான் போகும்.

அடைப்பு என்றேனே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. மருந்துக்கு மேலே குழியின் வாய்வரை நிரப்பி மூடுவதை ஸ்டெம்மிங் என்போம். நம் பக்கம் பெரும்பாலும் குழி போட்ட தூளையே அள்ளிப் போட்டுவிடுகிறார்கள். தூள் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். சின்ன ஜல்லிச் சிப்பும் களிமண்ணும் கலந்து அடைத்தால் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு நிற்கும், வாயு உள்ளேயே இருந்து வேலை செய்யும். செலவு கிட்டத்தட்ட இல்லை. ஆனாலும் நான் பார்த்ததில் அதிகம் ஏமாற்றப்படும் வேலை இதுதான். மணி இரண்டாகிவிட்டது, ஆட்கள் பசியோடு நிற்கிறார்கள் என்றதும் முதலில் அடைப்புதான் குறையும். ஊருக்குக் கேட்கும் அந்தப் ‘பட்டார்’ சத்தத்தில் பாதிக்கு மேல் அடைப்பு சரியில்லாத குழியின் சத்தம்.

அடுத்தது நேரம். இருபது குழியையும் ஒரே கணத்தில் வெடித்தால் இருபது குழி மருந்தும் சேர்ந்து தரையை உதைக்கும். ஒவ்வொன்றுக்கும் 17 அல்லது 25 மில்லிவினாடி இடைவெளி கொடுத்தால், முன்வரிசை நகர்ந்து பின்வரிசைக்கு முகம் திறந்துவிடும். உங்கள் காதுக்கு எல்லாம் ஒரே வெடியாகத்தான் கேட்கும். பூமிக்கு அப்படியில்லை. அது ஒவ்வொரு உதையையும் தனித்தனியாக வாங்குகிறது. இதற்கு நானல் என்ற குழாய் டெட்டனேட்டர் (மருந்தை வெடிக்கத் தூண்டும் சாதனம்) வந்தது பெரிய வசதி. மெல்லிய பிளாஸ்டிக் குழாய்க்குள் தடவிய தூள் வழியாக வினாடிக்கு 2,000 மீட்டர் வேகத்தில் அதிர்வலை ஓடும், குழாய் கிழியாது. ஒயரும் பேட்டரியும் இல்லாததால் இடி மின்னலுக்கோ செல்போனுக்கோ பழைய மின்சார டெட்டனேட்டர் அளவுக்குப் பயப்பட வேண்டாம். (ஐப்பசியில் இடி உறுமினால் மருந்து ஏற்றுவதை நிறுத்திவிட்டு விலகிப் போக வேண்டும் என்பது மட்டும் எல்லாவற்றுக்கும் பொது.) 2025 ஏப்ரலிலிருந்து நாட்டில் மின்சார டெட்டனேட்டருக்கே தடை. பத்திரிகைகள் இன்னமும் ‘ஜெலட்டின் குச்சி’ என்றுதான் எழுதுகின்றன. நைட்ரோகிளிசரின் சேர்ந்த அந்தப் பழைய சரக்கின் உற்பத்தி 2004 ஏப்ரலோடு நின்றுவிட்டது. இப்போது வருவது தண்ணீர் கலந்த எமல்ஷன், ஸ்லரி வகைகள்.

பெரிய பாறை உருண்டையாக விழுந்துவிட்டால் அதில் மறுபடி குழி போட்டு உடைப்பது பழைய வழக்கம். கல் பறந்து ஆள் செத்த கதைகள் பலவும் இந்த இரண்டாம் வெடியில்தான். இப்போது பொக்லைனில் பிரேக்கர் மாட்டி இடிக்கிறார்கள். நாள் முழுக்க ‘டக் டக்’ என்று எரிச்சலாக இருக்கும், ஆனால் அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் வீடு. தரை அதிர்வை வினாடிக்கு எத்தனை மில்லிமீட்டர் வேகத்தில் மண் ஆடுகிறது என்று அளப்பார்கள். தன்பாத்தில் தலைமையகம் உள்ள சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் 1997இல் சுற்றறிக்கை எண் 7 மூலம் வரம்பு வைத்தது. குவாரிக்காரருக்குச் சொந்தமில்லாத சாதாரண வீட்டுக்கு, அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே என்றால் 5 மில்லிமீட்டர், 8 முதல் 25 வரை 10, அதற்கு மேல் 15. மெதுவாக ஆடும் அதிர்வு வீட்டின் சொந்த ஆட்டத்தோடு சேர்ந்துகொள்ளும் என்பதால் அதற்கு வரம்பு குறைவு. பழமையான சின்னங்களுக்கு இன்னும் கடுமை: 2, 5, 10. மல்லசந்திரத்தில் கல்திட்டைகள், மயிலாடும்பாறையில் பாறை ஓவியங்கள், திரும்பின பக்கமெல்லாம் நடுகல் என்று இருக்கிற நம் மாவட்டத்தில் இந்த வரம்பை யாரும் ஞாபகப்படுத்துவதில்லை என்பது என் ஆதங்கம்.

கணக்கு எளிது. தூரம் பாதியானால், அதே அதிர்வுக்குள் நிற்க ஒரு தடவையில் வெடிக்கும் மருந்து கால்பங்காகக் குறைய வேண்டும். மொத்த மருந்து எவ்வளவு என்பதைவிட ஒரே கணத்தில் வெடிப்பது எவ்வளவு என்பதே முக்கியம். அதனால் மனம் கோணாமல் கேளுங்கள்: ஒரு கிலோமீட்டர் தள்ளி, டிலே, அதாவது அந்த மில்லிவினாடி இடைவெளி, வைத்து வெடிக்கும் சாதாரணக் குவாரியின் தரை அதிர்வு 5 மில்லிமீட்டரைத் தொடுவது அரிது. மனித உடம்பு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அதிர்வையே உணர்ந்துவிடும். வீட்டுக்குள் கதவை ஓங்கிச் சாத்தினால் சுவர் அதைவிட அதிகமாக இழுபடும். உங்கள் ஜன்னலை ஆட்டுவது பெரும்பாலும் தரையே இல்லை, காற்றில் வரும் அழுத்தம். மூடின கண்ணாடி ஜன்னல் மேளத்தோல் மாதிரி அதை வாங்கிக்கொள்ளும். மேகம் தாழ்ந்த நாளிலும், மார்கழிப் பனி விலகாத காலையிலும் மேலே போக வேண்டிய சத்தம் மடங்கித் தரைக்கே வரும். அதே மருந்து அன்றைக்கு இரண்டு மடங்காகக் கேட்கும். வெயில் ஏறிய மதியத்தில் வெடி வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். காற்று அழுத்தம் விரிசல் விடுமளவுக்குப் போவது அபூர்வம், ஆனால் அடைப்பு சரியில்லை என்பதற்கு அது நல்ல சாட்சி.

அப்படியானால் விரிசல் எதனால்? செம்மண்ணும் கரிசலும் மாறி மாறி வரும் நிலத்தில் அஸ்திவாரம் ஆழமில்லாமல் போட்டிருந்தால், ஒரு கோடையும் ஒரு மழையும் போதும். இதற்காகக் குவாரியை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. 300 மீட்டரில் வீடு இருந்து, டிலே இல்லாமல் மொத்தமாக வெடித்தால் வரம்பைத் தாண்டலாம், விரிசலும் விடலாம். குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் குத்தகையே தரக்கூடாது என்று தமிழ்நாடு சிறுகனிம விதி சொல்வதும் சும்மா இல்லை. எனவே ஊகம் வேண்டாம், அளந்து பாருங்கள். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் சிமெண்ட் வைத்து ஒட்டுங்கள். வெடி நாளில் உடைகிறதா, மழைக்குப் பிறகு உடைகிறதா என்று தெரிந்துவிடும். நிலநடுக்கமானி மாதிரி ஒரு கருவி இருக்கிறது, பெட்டி அளவுதான். அதை உங்கள் வாசல் தரையில் வைத்து ஒரு வெடியைப் பதிவு செய்யச் சொல்லிக் குவாரிக்காரரிடம் கேளுங்கள். மறுத்தால் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனுக் கொடுங்கள், மாவட்டக் கனிமவளத் துறைக்கும் நகல் போகட்டும். ‘வீடு ஆடுகிறது’ என்று மட்டும் எழுதினால் ஃபைலோடு தூங்கும். தேதி, நேரம், தூரம், ‘ஒரு டிலேக்கு எத்தனை கிலோ வைக்கிறார்கள், அதிர்வு அளந்த பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள்’ என்று எழுதினால், எதிரில் உட்கார்ந்திருப்பவர் பதிலைத் தேடித்தான் ஆக வேண்டும்.

அதற்கு முன்னால் காசில்லாமல் ஒரு சோதனை செய்யலாம். நாளைக்கு சைரன் ஊதியதும் மொட்டை மாடிக்குப் போய் குவாரிப் பக்கம் பாருங்கள். பாறை முகம் முன்பக்கம் உப்பி, சரிந்து, புழுதி கீழேயே படர்ந்தால் குழி போட்டவனுக்குக் கை சுத்தம் என்று வைத்துக்கொள்ளலாம். புழுதியும் புகையும் தென்னைமரம் மாதிரி செங்குத்தாக மேலே பீறிட்டால் அங்கே பர்டனோ அடைப்போ சரியில்லை. செல்போனில் ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மனுவோடு சேர்த்துக் கொடுக்க உதவும்.